6 லட்சத்துக்குள் ஆறு பேருக்கு ஒரு செகண்ட்ஸ் எஸ்யூவி: கொல்லிமலை ஏறியாக வேண்டும்

செம்மேட்டு மாப்பிள்ளை (சேலம்):

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். இப்போது இருப்பது 2011 ஆல்ட்டோ. இனி அதில் மலைக்கு வர மாட்டோம் என்று வீட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 6 லட்சம். அதற்கு மேல் கடன் வாங்குவதாக இல்லை, நகைக் கடனே இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது.

வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, ஆறாவது படிக்கும் பையன், ஒன்றாவது படிக்கும் பொண்ணு, அப்பா, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். ஆல்ட்டோவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும், அதற்காக ஏணி வைத்து ஏறும் வண்டியும் ஆகாது. தினமும் ஆபீஸ் போய் வர 12 கிலோமீட்டர். மாதம் ஒரு தடவை எல்லோரும் கொல்லிமலை. எட்டுக்கை அம்மன் எங்கள் குலதெய்வம், மாமியார் வீடும் செம்மேடு பக்கம். காரவள்ளியில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு என்பது உங்களுக்கே தெரியும். மாமியார் வீட்டுக்கு முன்னால் கடைசிக் கொஞ்ச தூரம் மண் ரோடு. மொத்தத்தில் மாதம் 600 கிலோமீட்டர் ஓடும்.

பார்த்து வைத்தவை: 2017 டஸ்ட்டர் டீசல் 4.75, 2017 ஈக்கோஸ்போர்ட் டீசல் 4.90, 2014 எக்ஸ்யூவி500 5.25, 2018 விட்டாரா பிரெஸ்ஸா டீசல் 6.40. மச்சான் பொலிரோதான் என்று நிற்கிறான். பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரர் எக்ஸ்யூவியைக் காட்டி "ராஜா மாதிரி போலாம் சார்" என்கிறார். ராஜாவுக்கு ரிப்பேர் செலவு யார் கொடுப்பார்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

எதை வாங்கலாம்?


டர்போ தம்பி (கோவை):

மலை என்றால் டீசல்தான் அண்ணா, யோசிக்கவே வேண்டாம். எக்ஸ்யூவி 2.2 லிட்டர், 140 குதிரைத்திறன், ஏழு சீட். ஆறு பேரை ஏற்றி ஏசி போட்டு மூன்றாவது கியரிலேயே ஏறும். பெட்ரோல் வண்டியில் 70 வளைவும் முதல் கியர், இரண்டாவது கியர் என்று மாற்றி மாற்றிக் கை வலிக்கும்.


ஈரோட்டுப் பட்டறை:

தம்பி சொல்வது ஓட்டுகிறவன் பார்வைக்குச் சரி. பில் கட்டுகிறவன் பார்வையில் கொஞ்சம் கணக்குப் போடலாம்.

மாதம் 600 கிலோமீட்டர் என்கிறீர்கள். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12, டீசல் 16 கொடுக்கிறது, விலை 101, 93 என்று வைத்துக் கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு 5,050 ரூபாய், டீசலுக்கு 3,490. மிச்சம் மாதம் ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். பத்து வருஷம் ஓடிய டீசலில் டர்போ, இன்ஜெக்டர், டூயல் மாஸ் ஃப்ளைவீலோடு கிளட்ச், இவற்றில் ஏதாவது ஒன்று போனாலும் அந்த மிச்சமெல்லாம் ஒரே பில்லில் போய்விடும். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசல் லாபம். உங்களுக்கு இல்லை.

பட்ஜெட்டை இழுத்துப் பிடித்து 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலுக்குப் போய்விடாதீர்கள். அதில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கும். சைலன்சர் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். அஸ்தம்பட்டியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஆபீஸ் வாசலில் நிறுத்தினால் எங்கே சூடேறுவது?

நீங்கள் சொன்ன வண்டிகளில் டஸ்ட்டர் ஓட்டத்துக்கு அருமை. தரை உயரம் 205 மில்லிமீட்டர், சஸ்பென்ஷன் கல்லு குழி எதற்கும் அசையாது, டிக்கியும் பெரிசு. டஸ்ட்டர் டீசலிலும் ஈக்கோஸ்போர்ட் டீசலிலும் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக் கொள்ளுங்கள், வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினையே இறக்க வேண்டியதுதான். பிரெஸ்ஸாவின் 1.3 டீசலில் செயின், அந்தக் கவலை இல்லை. ஃபோர்டு 2021இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததோடு எல்லாம் போச்சு என்று பயப்படுகிறார்கள். சர்வீஸும் சாமானும் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் விலையில் பேரம் பேச அந்தப் பயம் உங்களுக்கு உதவும்.

எக்ஸ்யூவியைக் குறை சொல்லவில்லை. ஆனால் 11 வருஷ வண்டி, அதுவும் அந்தக் கனத்தில். டயரிலிருந்து கிளட்ச் வரை எல்லாம் பெரிய சாமான், பெரிய விலை. வாங்கும் விலை மட்டும்தான் 5.25.


வாலுங்களின் அம்மா (தர்மபுரி):

எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். அண்ணன் சொன்ன நான்கில் மூன்று வண்டி ஐந்து சீட். ஆறு பேர் எப்படிப் போவீர்கள்? பொண்ணை மடியில் வைத்தா? சடன் பிரேக் அடித்தால் மடியில் இருக்கிற குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. ஆர்சியிலும் ஐந்து சீட் என்றுதான் போட்டிருக்கும்.

பொலிரோவில் பின்னால் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் சீட். 70 வளைவுக்கு அதில் குழந்தைகளை வைத்தால் பத்தாவது வளைவிலேயே வாந்தி. நேராகப் பார்த்து உட்காரும் மூன்றாவது வரிசை வேண்டும், பின்னாலும் ஏசி காற்று வர வேண்டும். நாங்கள் எர்டிகா பெட்ரோல் வைத்திருக்கிறோம். ஏற்காடு ஏற்றத்தில் ஆள் நிறைய இருந்தால் இரண்டாவது கியர்தான், அதனால் என்ன, முன்னால் எப்படியும் ஒரு மினி பஸ் போய்க் கொண்டிருக்கும். எஸ்யூவி என்ற பெயர் வேண்டாம் என்றால் அதையும் பாருங்கள். உங்கள் மண் ரோட்டுக்குத் தரை உயரம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சீட் போடும் முறை: உங்கள் அம்மா முன் சீட்டில். அப்பா, உங்கள் வீட்டம்மா, பொண்ணு நடு வரிசை. பையன் பின்னால். பையன் கையில் மொபைல் கொடுக்காதீர்கள், கொடுத்தால் வாந்தி நிச்சயம்.


செம்மேட்டு மாப்பிள்ளை:

மடியில் வைத்துக் கொள்ளலாம் என்றுதான் உண்மையில் நினைத்திருந்தேன். வீட்டில் இதைப் படித்துக் காட்டியதும் ஐந்து சீட் வண்டிகள் அத்தனையும் பட்டியலிலிருந்து போய்விட்டன.

பட்டறை அண்ணா, ஹோண்டா பிஆர்-வி பெட்ரோல் எப்படி? நேரான ஏழு சீட், தரை உயரம் 210 என்கிறார்கள். நாமக்கல்லில் 2018 மாடல் மேனுவல் ஒன்று 5.60 சொல்கிறார்கள். சிங்கிள் ஓனர், 61,000 கிலோமீட்டர். வண்டி நம்பர் டிஎன் 14.


ஈரோட்டுப் பட்டறை:

நல்ல யோசனை. 2016இல் வந்தது, பிஎஸ்6 வந்ததும் நிறுத்தி விட்டார்கள். பெரிதாக விற்காததால் பலருக்கு ஞாபகமே இல்லை, விலை படிந்திருப்பதற்கும் அதுதான் காரணம். இன்ஜின் அந்தக் காலத்து சிட்டியில் இருந்த அதே 1.5 பெட்ரோல், 119 குதிரைத்திறன், டைமிங் செயின். அதனால் இன்ஜின் சாமானுக்கு அலைய வேண்டியதில்லை. நடு வரிசைக்குக் கூரையிலேயே ஏசி உண்டு. மேனுவலில் ஆறு கியர். உட்கார இனோவா மாதிரி தாராளம் இருக்காது, பின் சீட்டைப் போட்டால் டிக்கியில் இரண்டு பை வைக்கலாம், அவ்வளவுதான். இழுவை டீசல் மாதிரி கீழேயே கிடைக்காது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து இன்ஜினைச் சுழல விட்டால் ஏறிவிடும். இறங்கும்போதும் அதே கியர், பிரேக்கை மிதித்துக் கொண்டே வராதீர்கள்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள். முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து விட்டார்கள் என்று அர்த்தம், ஆறிய பிறகு வருகிறேன் என்று டீ குடிக்கப் போய்விடுங்கள். ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று பாருங்கள். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக அமுக்குங்கள். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது.


ரிட்டயர்டு சர்வேயர் (சென்னை):

இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன் நான். வண்டியை விட அதன் காகிதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். டிஎன் 14 என்று படித்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிஎன் 14 சோழிங்கநல்லூர் ஆர்டிஓ. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், ஓஎம்ஆர் எல்லாம் அந்தப் பக்கம்தான். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் அங்கே எத்தனை கார்கள் கண்ணாடி வரை முழுகிக் கிடந்தன என்பதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2015 டிசம்பரிலும் அதே கதை. முழுகிய வண்டி உள்ளூரில் விலை போகாது. கழுவிக் காயவைத்து, சீட் கவர் மாற்றி, சேலம், நாமக்கல், கரூர் பக்கம் வந்து நிற்கும். அதற்காக டிஎன் 14 என்றாலே ஒதுக்கச் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் மாடி பார்க்கிங்கில் நின்று டயர் கூட நனையாத வண்டிகளும் உண்டு. எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை, இப்போதைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். அதில் என்சிபி (கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். கிளெய்ம் இல்லாமல் ஒரு வருஷம் போனால் 20, அடுத்து 25, 35, 45, ஐந்தாவது வருஷத்தில் 50. கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். 2018இல் வாங்கி இன்றுவரை ஒரே ஓனரிடம் இருக்கும் வண்டிக்கு 50 இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், எந்த வருஷம் கிளெய்ம் போட்டார்கள் என்று பின்னோக்கி எண்ணினாலே தெரிந்துவிடும். இரண்டு இடத்தில் இந்தக் கணக்கு பொய்க்கும். என்சிபி புரொடெக்‌ஷன் என்று தனியாகக் காசு கட்டியிருந்தால் கிளெய்ம் போட்டாலும் சதவீதம் குறையாது. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் என்சிபி என்பதே இருக்காது, அப்படி இருந்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும்.

அடுத்தது கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி. சர்வீஸ் சென்டரில் ஓனரோடு போய் வண்டி நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். கிலோமீட்டர் வரிசையாக ஏறுகிறதா என்று பார்த்தாலே மீட்டரைத் திருப்பிய வண்டி மாட்டிக் கொள்ளும். 2023 டிசம்பரிலிருந்து 2024 பிப்ரவரி வரை பெரிய பில்லோ, காரணமில்லாத இடைவெளியோ இருந்தால் கேள்வி கேளுங்கள்.

பிறகுதான் வண்டி. சீட் பெல்ட்டை முழுக்கக் கடைசி வரை இழுங்கள். கழுவுகிறவர்கள் அதன் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள், வண்டல் கறை அங்கே தங்கியிருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் விளக்கடித்துப் பாருங்கள். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டைப் பாருங்கள், ஏழு வருஷ வண்டியில் அது துருப்பிடிக்கக் காரணமே இல்லை. கதவோரக் கார்ப்பெட்டைக் கொஞ்சம் தூக்கி மோந்து பாருங்கள். புது வாசனை ஸ்பிரே தூக்கலாக அடித்தாலும் எனக்குப் பிடிக்காது. சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். தண்ணீர் போன வண்டியில் ஒயர் கனெக்டர்கள் பச்சை பூத்து, ஆறு மாசம் கழித்து ஒவ்வொன்றாகக் கழுத்தை அறுக்கும்.

இடி வாங்கிய வண்டிக்கு: கதவு ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் பிடுங்கிப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்கும், டிங்கரிங் கை பட்ட இடத்தில் அந்த வரிசை கலைந்திருக்கும். பானெட் கீலில் உள்ள போல்ட்டில் பெயிண்ட் உடைந்திருந்தால் ஒரு தடவை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் வருஷக் குறி எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்கலாம். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 3218 என்றால் 2018ஆம் வருஷம் 32ஆவது வாரம்.

உங்கள் ஆல்ட்டோவை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பீர்கள் என்றால் இன்னொன்று. கன்சல்டிங்கில் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக் கொண்டு, யார் பெயருக்கு என்ற இடத்தைக் காலியாக விடுவார்கள். வண்டி நாலு கை மாறும், ஆர்சியில் உங்கள் பெயரே இருக்கும். விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டு வழக்கில் ஆர்சியில் பெயர் உள்ளவரே ஓனர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.


செம்மேட்டு மாப்பிள்ளை:

ஐயா, மிக்க நன்றி. சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். சீட் பெல்ட் சுத்தம், ஸ்டெப்னி குழி சுத்தம், போல்ட்டில் துரு இல்லை. ஆனால் பாலிசியில் என்சிபி 20தான். ஆகஸ்ட் 2025இல் புதுப்பித்த பாலிசி. ஓனரைக் கேட்டால் "பம்பர் மாத்தினோம்ங்க" என்கிறார்.


ரிட்டயர்டு சர்வேயர்:

எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட் 2025இல் 20 என்றால் அதற்கு முந்தைய ஒரு வருஷம் கிளெய்ம் இல்லை. அப்படியானால் கிளெய்ம் போட்டது ஆகஸ்ட் 2023க்கும் ஆகஸ்ட் 2024க்கும் நடுவில். மிக்ஜாம் சரியாக அந்த ஜன்னலுக்குள் விழுகிறது. பம்பராகவும் இருக்கலாம், யாரையும் பொய்யர் என்று சொல்ல வேண்டாம். கிளெய்ம் தேதியும் தொகையும் காட்டும் காகிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். ஓனர் கேட்டால் கொடுப்பார்கள், பெரிய வேலை இல்லை. அதுவரை டோக்கன் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள்.


டர்போ தம்பி:

சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் வண்டி சீட் பெல்ட்டை இப்போதுதான் இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.


செம்மேட்டு மாப்பிள்ளை:

காகிதம் வந்துவிட்டது. கிளெய்ம் தேதி மே 2024, தொகை 19 ஆயிரத்துச் சொச்சம், முன் பம்பரும் ஒரு ஹெட்லைட்டும். சர்வீஸ் ஹிஸ்டரியில் கிலோமீட்டர் ஒழுங்காக ஏறுகிறது, 2023 டிசம்பரில் எதுவும் இல்லை. இங்கே என் மெக்கானிக் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்து, முன் சஸ்பென்ஷனில் லிங்க் ராட் மட்டும் தட்டுகிறது என்றார். கிளட்ச் நன்றாக இருக்கிறது. டயர் நாலும் வண்டியோடு வந்தவை. அம்மா ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டால் ஆள் துணை வேண்டாம் என்றார். ஓனர் 5.60இலிருந்து 5.45க்கு இறங்கி வந்திருக்கிறார்.


ஈரோட்டுப் பட்டறை:

டயருக்கு இன்னும் குறைக்கச் சொல்லுங்கள். டயரில் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் ஏழு வருஷ ரப்பரை வைத்துக் கொண்டு குழந்தைகளோடு கொல்லிமலை இறங்கக் கூடாது. நாலு டயர் 30,000 ஆகும். 5.20 கேளுங்கள், 5.30இல் முடியும். லிங்க் ராட் சின்ன வேலை. ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் வந்ததும் மாற்றிவிடுங்கள், பழையது நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் சரி. பேட்டரிக்கும் ஏதாவது ஒதுக்குங்கள்.


ரிட்டயர்டு சர்வேயர்:

மே 2024 என்றால் எனக்குத் திருப்தி. ஆன்லைனில் பரிவாகன் என்ற அரசு தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா, வண்டி மேல் வாங்கிய கடன் பற்றிய எழுத்து ஆர்சியில் நீங்கியிருக்கிறதா என்று பார்த்து விடுங்கள். நீங்கவில்லை என்றால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கடன் தீர்ந்ததைக் காட்டும் 35ஆம் ஃபார்மும் வேண்டும். பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனருடைய 20 சதவீத என்சிபி உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்டிவிடுங்கள். பெயர் மாறாமல் இடித்தால் உங்கள் வண்டிக்குக் காசு வராது. விலையில் ஐம்பதாயிரத்தை ஆர்சி உங்கள் பெயரில் வரும் வரை நிறுத்தி வைத்து, அதை ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.


வாலுங்களின் அம்மா:

முதல் தடவை மலைக்குப் போகும்போது புளியோதரை, தயிர்சாதம் எதுவும் கிளம்பும் முன் கொடுக்காதீர்கள். மேலே போய்ச் சாப்பிடட்டும். பின் சீட்டில் இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு வையுங்கள் அண்ணா.